கரையில் ஒரு குறுக்கு வழி

“நேத்து இந்தக் கல்லு தண்ணிக்குள்ள கிடந்துச்சு. இன்னைக்குப் பாரு, முதுகு காயுது!”

இரண்டு கெண்டைக் குஞ்சுகள் பேசிக்கொண்டே நீந்திப் போயின. ஆம்பல் கொடிக்குள் பதுங்கியிருந்த தங்கையா நண்டின் காதில் அது விழுந்தது. அவன் கொடிக்குள் இன்னும் ஆழமாகப் புகுந்துகொண்டான்.

குளம் ஏன் வற்றுகிறது என்பது அவனுக்குத் தெரியும்.

தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கரையைத் தோண்டக்கூடாது என்பது அந்தக் குளத்துக் கட்டுப்பாடு. ஆனால் கரைக்கு அந்தப் பக்கம் இளநாற்று! வெயிலில் ஏறி இறங்கத் தங்கையாவுக்குச் சோம்பல். ஆம்பல் வேருக்குக் கீழே தொடங்கி வயல்வரைக்கும் ஒரு வளை தோண்டிவிட்டான். நாற்றைத் தின்று திரும்பியதும் வளையின் வாயைச் சேற்றால் பூசினான். தண்ணீர் பூச்சைக் கரைத்தது. மறுபடி பூசினான். ஓட்டை இன்னும் பெரிதானது!

ஊர்த் தேவாலயத்தில் காலை மணி அடித்தது. மணி கேட்டதும் குளத்து உயிர்கள் எல்லாம் படித்துறையில் கூடி ஜெபிப்பது வழக்கம். அன்று ஜெபம் தொடங்கும் முன்பே தவளைத் தலைவர் மாசிலாமணி துள்ளி எழுந்தார்.

“கரையில எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கு! மழை வர்றவரைக்கும் தண்ணி நிக்காது. நம்ம பிள்ளைகளுக்கு இன்னும் கால்கூட முளைக்கலை!”

“கரையில வளை வச்சிருக்கது யாரு? சொர்ணம் எலிதானே!” என்று தவளைகள் கத்தின.

“என் வளை உச்சியில இருக்கு ஐயா! ஒரு சொட்டு ஈரம் உண்டா? வந்து பாருங்க!” என்றாள் சொர்ணம்.

“பார்க்கதுக்கு என்ன இருக்கு? பொழுது சாயறதுக்குள்ள பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பு!” என்றார் மாசிலாமணி.

ஜெபம் தொடங்கியதும் தங்கையா கண்களை உள்ளே இழுத்துக்கொண்டு உருக்கமாக ஜெபித்தான். “ஆண்டவரே, சொர்ணத்துக்கு ஒரு நல்ல இடம் காட்டும்!”

“ஆமென்!” என்றது கூட்டம். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவன் வேதமுத்து கொக்கு.

கூட்டம் கலைந்ததும் அவன் தங்கையாவின் பக்கத்தில் வந்து ஒற்றைக் காலில் நின்றான்.

“நல்ல ஜெபம்லே! நீ தோண்டுனதை நான் பார்த்தேன். பயப்படாதே, நான் வாயைத் திறக்க மாட்டேன். எலி போயிட்டா கதை முடிஞ்சுது.”

“தண்ணி போயிருமே!”

“தண்ணி குறைஞ்சா மீன் என் காலடிக்கே வரும். எனக்கு என்ன நஷ்டம்?”

தங்கையா பகலெல்லாம் தனக்குத்தானே முணுமுணுத்தான். மண் இளகிக் கிடந்தது என் தப்பா? ஆம்பல் வேர் ஏன் வழி விட்டது? எங்க அப்பனும் தோண்டினவர்தானே!

சாயங்காலம் சொர்ணம் ஓடி வந்தாள். கண் திறக்காத குட்டி ஒன்றை அவன் முன்னால் இறக்கினாள்.

“தங்கையா அண்ணாச்சி, வாயில ஒண்ணைத்தான் தூக்க முடியுது. மத்ததையும் கொண்டு வர்றவரைக்கும் இதைப் பார்த்துக்கிடுங்க. அந்தா பாருங்க, கொக்கு நிக்கு. உங்களைத்தான் நம்புதேன்!”

அவள் போனதும் வேதமுத்து ஓர் அடி எடுத்து வைத்தான்.

“அதை இங்க தாலே. தண்ணியில விழுந்துட்டுன்னு சொல்லிரு. ஒண்ணை மறைச்சவனுக்கு இன்னொண்ணு கஷ்டமா?”

நண்டின் கொடுக்கை அம்மா என்று நினைத்துக் குட்டி முகர்ந்தது.

தங்கையா மற்றொரு கொடுக்கை ஓங்கினான். கொக்கின் காலில் ஒரே கவ்வு! கொக்கு அலறிக்கொண்டு பனைமரத்துக்குப் பறந்தது. தங்கையா குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு படித்துறைக்கு ஓடினான்.

“மாசிலாமணி ஐயா! எல்லாரும் வாங்க! ஓட்டை போட்டது நான்!”

“நீயா!”

“நான்தான்! மண்ணும் இல்லை, வேரும் இல்லை. என் சோம்பல்தான். காலையில ஆண்டவர்கிட்ட சொர்ணத்தைப் பத்திப் பேசினேன், என்னைப் பத்திப் பேசலை. மறைச்சு வச்ச பாவம் பெருத்துக்கிட்டேதான் போகுது ஐயா, ஒத்துக்கிட்டாத்தான் அது அடைபடும்! ஆண்டவரே, என்னை மன்னியும்!”

கூச்சல் கேட்டு, மற்றக் குட்டிகளை வளையிலேயே விட்டுவிட்டு, சொர்ணம் மூச்சிரைக்க வந்து நின்றாள். தங்கையா குட்டியை அவளிடம் கொடுத்தான்.

“சொர்ணம், உன்னை இந்தக் கதிக்கு ஆளாக்கினது நான்தான். மன்னிச்சிரு.”

“இவன் காலை ஒடிக்கணும்!” என்று தவளைகள் கொதித்தன.

“அப்புறம் ஒடிங்க! வளை எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்!”

தங்கையா தண்ணீரில் பாய்ந்தான். ஆம்பல் வேருக்குக் கீழே போய் ஓட்டைக்கு முதுகைக் கொடுத்து அடைத்தான். தண்ணீர் அவனை உள்ளே இழுத்தது. கண்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

“சேறு! யாராவது சேறு கொண்டு வாங்க!”

யாரும் அசையவில்லை.

“அவன் போட்ட ஓட்டை. அவனே அடைக்கட்டும்!” என்றது ஒரு தவளை.

சொர்ணம் குட்டியை அந்தக் காய்ந்த கல்லின் மேல் படுக்க வைத்தாள். இரண்டு கையாலும் சேற்றை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தண்ணீரில் குதித்தாள்.