கதவைச் சாத்தி இடித்த மருந்து

தென்காசிப் பக்கம் உலகம்மை என்று ஒரு சித்த வைத்தியர் இருந்தார். வயது நாற்பதைத் தாண்டவில்லை. அவரிடம் சீடராகச் சேர்ந்த சிவனணைந்தானோ தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தலை முழுக்க நரை. ஊர் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று அவர் பாட்டுக்கு உரலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அந்த வைத்தியசாலையில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியின் கண்முன்னால்தான் மருந்தை இடிக்க வேண்டும். என்னென்ன சேர்கிறது என்று சொல்லிக்கொண்டே இடிக்க வேண்டும்.

ஒருநாள் காலையில் சீடர் குருவிடம் வந்து நின்றார்.

"அம்மா, ஒரு சந்தேகம். பொய் சொல்லி ஒருத்தர் நோயைத் தீர்க்கலாமா?"

"யாருக்கு என்ன கொடுத்தீங்க?"

மனுஷர் வசமாக மாட்டிக்கொண்டார்.

"லாரி ஓட்டுத சொரிமுத்துவுக்கு. நீங்க மதுரைக்குப் போயிருந்தப்ப வந்தார். வயித்து எரிச்சல். பெரிய ஆஸ்பத்திரியில குழாய் விட்டுக்கூடப் பார்த்துட்டாங்களாம், ஒண்ணும் இல்லை. நானும் நாடி பார்த்தேன். எதுவும் தெரியலை."

"அதனால?"

"வறுத்த அரிசி மாவுல கருப்பட்டியைச் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். மலை உச்சியில கிடைக்கிற மூலிகை, பேரைக் கேக்கக் கூடாதுன்னு சொன்னேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டு இடிச்சேன்."

"எரிச்சல்?"

"சுத்தமா நின்னுட்டும்மா! போற இடமெல்லாம் என் பேரைத்தான் சொல்லுதார்." பெருமையை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. "ஆனா மனசு ஒப்பலை. அதான் கேக்குதேன்."

"மறுபடி எப்ப வருவார்?"

"இப்பவே வந்துருவார், பொட்டலம் வாங்க."

"வரட்டும். அவர் முன்னாலயே இடிச்சுக் கொடுங்க."

சிவனணைந்தான் பதறினார். "ஐயோ, தெரிஞ்சா எரிச்சல் திரும்பி வந்துருமே! என்னையும் சும்மா விடமாட்டாரே!"

உலகம்மை உரலை வாசல் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சொரிமுத்து வந்தார். "ஐயா, இந்தத் தடவை கூடுதலா வேணும். தை பிறந்ததும் மகள் கல்யாணம். அலைச்சல் இருக்கு."

"நர்சிங் படிக்குத பிள்ளைதானே? படிப்பு முடிஞ்சிட்டா?" என்று கேட்டார் உலகம்மை.

"எங்கம்மா! பாதியில நிறுத்திட்டேன். ஒரே அழுகை. என்ன செய்ய?"

சிவனணைந்தான் உரலில் அரிசி மாவைக் கொட்டினார். "அரிசி மாவு" என்றார். பிறகு கருப்பட்டியைப் போட்டு, "கருப்பட்டி" என்றார்.

"மூலிகை எங்கே ஐயா?"

"மூலிகை கிடையாது. அன்னைக்குக் கொடுத்ததும் இதுதான். பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

சொரிமுத்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். அதே ருசி. முகம் சிவந்துவிட்டது.

"என்னைப் பார்த்தா இளிச்சவாயன் மாதிரி இருக்கா உங்களுக்கு?"

வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். சிவனணைந்தான் தலையைக் குனிந்துகொண்டார். சொரிமுத்து மேலே ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ... எனக்குப் பெரிய வியாதி இல்லையா?"

"எந்த வியாதி?" என்றார் உலகம்மை.

"எங்க அண்ணன் வயித்துல கேன்சர் வந்துதான் போனான். கடைசி வரைக்கும் அவன்கிட்ட யாரும் சொல்லலை. ஐயா கதவைச் சாத்திக்கிட்டு, பேரைக் கேக்காதேன்னு அம்புட்டு ரகசியமா மருந்து கொடுத்ததும், எனக்கும் அதுதான்னு முடிவு பண்ணிட்டேன். எரிச்சல் நின்னுட்டு. உசிரு நிக்குமான்னு தெரியலையே. அதான் கண்ணை மூடுததுக்குள்ள மகளை ஒருத்தன் கையில பிடிச்சுக் கொடுத்துரலாம்னு..."

சிவனணைந்தான் உலக்கையைக் கீழே வைத்துவிட்டார்.

உலகம்மை சொரிமுத்துவின் கையைப் பிடித்து நிதானமாக நாடி பார்த்தார். அவர் பையில் வைத்திருந்த ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் வாங்கிப் படித்தார். "உங்க எரிச்சல் நிஜம். ஆனா கட்டியும் இல்லை, புண்ணும் இல்லை. உங்ககிட்ட யாரும் எதையும் மறைக்கலை."

"அப்பாடா!" சொரிமுத்து சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றாமல் போனை எடுத்தார். "ஏட்டி, நாளைக்கே காலேஜுக்குக் கிளம்பு. கல்யாணமா? அது கிடக்கட்டும், மாப்பிள்ளை வீட்டுல நான் சொல்லிக்கிடுதேன்."

அந்தப் பக்கம் பிள்ளை போட்ட கூச்சல் மூன்று பேருக்குமே கேட்டது.

கிளம்பும்போது சொரிமுத்து கையை நீட்டினார். "ஐயா, அந்த மாவைப் பொட்டலம் கட்டுங்க."

"இன்னுமா வேணும்?"

"எரிச்சல் நின்னது நின்னதுதானே? கட்டுங்க."

பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் விசிலடித்தபடியே படியிறங்கிப் போனார். சிவனணைந்தான் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, வெறும் மாவுன்னு தெரிஞ்சே வாங்கிட்டுப் போறார். எரிச்சலும் நின்னுதான் இருக்கு. அதுல அப்படி என்னதான் இருக்கு?"

"எனக்கும் தெரியாது. அடுத்த தடவை வந்தா, அதையும் அவர்கிட்ட சொல்லிருங்க."