ஓயாத காவல்

மலையூர் மருத்துவமனைகளுக்கு லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினிகளை அமைத்துத் தரும் சிறு குழுவின் தலைவி நாகம்மை. அவரிடம் தொழில் கற்ற திருமேனி வயதில் மூத்தவர். ஆயினும் அவரை அம்மா என்றே அழைப்பார்.

திருமேனியை ஓர் அச்சம் பிடித்திருந்தது. புதுப்பிக்காமல் விட்ட கணினி ஒன்றில் அயலார் புகுந்து, நோயாளிகளின் விவரங்களை அடியோடு அழித்ததை அவர் கண்ணால் கண்டவர். அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் புதிய திருத்தம் வந்துள்ளதா என்று பின்னணியில் பார்த்துச் சொல்லும் நிரலை எழுதும் பணி அவரிடம் வந்தது. நிமிடந்தோறும் திருத்தங்களின் முழுப் பட்டியலையும் இறக்கி, முதலிலிருந்து ஒப்பிடும்படி எழுதினார். பழைய கணினிகள் இதைத் தாங்குமா என்று நாகம்மை கேட்டார். அசந்த நேரம் பார்த்துத்தான் திருடன் நுழைவான் என்றார் திருமேனி.

ஒரு காலை, கொடிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. திருத்தமும் உடனே வந்தது. எல்லாக் கணினிகளும் அதைப் பெற்றன, மேல்பாறை மருத்துவமனைக் கணினி தவிர. அது பல வாரங்களாகவே வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

யாரோ உள்ளே புகுந்து நிரலை முடக்கிவிட்டார்கள் என்றே திருமேனி எண்ணினார். அங்குள்ள செவிலியர் எஸ்தரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"நான்தான் சார் நிறுத்தினேன்" என்றார் எஸ்தர். "உங்க காவல்காரன் எங்க நோயாளிகளைவிட அதிகமா மூச்சு வாங்கினான்."

வலிப்பு கண்ட குழந்தையொன்றை மேசைமேல் கிடத்தியிருந்தார்களாம். முன்பு கொடுத்த மருந்தின் அளவைத் தேடியபோது திரை உறைந்து நின்றதாம். அளவு எஸ்தருக்கு நினைவிருந்தது, குழந்தை பிழைத்தது. அன்றே நிரலை நீக்கிவிட்டாராம்.

எஸ்தரைக் கொண்டே திருத்தத்தை ஏற்றச் செய்துவிட்டு, திருமேனி நாகம்மையிடம் ஓடினார்.

"அம்மா, இத்தனை வாரம் கதவு திறந்து கிடந்திருக்கிறது. யார் நுழைந்தார்களோ, தெரியவில்லை."

"திறந்தது யார்?"

எஸ்தரின் பெயர் நாக்குவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, வலிப்பு வந்த குழந்தை மேசைமேல் கிடந்தபோது தம் நிரல் திரையை உறைய வைத்ததைத் திருமேனி சொன்னார்.

பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "இனி எத்தனை முறை பார்க்கும்படி எழுதட்டும்?"

நாகம்மை சொன்னார்: "அந்தக் குழந்தை மேசைமேல் கிடந்தபோது நீங்களே அருகில் நின்றிருந்தால், எத்தனை முறை குறுக்கே பேசியிருப்பீர்கள்?"