எருமைத் தடத்தில் தார் ரோடு

ஊமத்தம்பாறை மலையூருக்கு ரோடு இல்லை. மனுக் கொடுத்து, மறியல் செய்து, ஜெயிலுக்கும் போய்வந்த ஊர் அது. கடைசியில் அரசு மனம் இரங்கி, ரோட்டுக்குப் பதிலாக ஏழு அதிகாரிகளை அனுப்பியது.

சடைச்சிக்கு ஒரே கவலைதான். மகள் வெள்ளிக்கு ஆறாம் மாசம். வலி வந்தால் டோலி கட்டி நான்கு மைல் கீழே தூக்க வேண்டும். போன வருஷம் அப்படித் தூக்கிப்போன இரண்டு பேரில் ஒருத்திதான் திரும்பி வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு ரோடு வேணும். அதுதான் எங்க கருத்து" என்றாள்.

என்ஜினீயர் தனகோடி ஆணையை வாசித்தார்: "'மலைமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். அவர்கள் நடக்கும் தடத்திலேயே சாலை அமைக்க வேண்டும். ஓரடியும் மாற்றக் கூடாது.' கருத்தைக் கேட்டாச்சு. இப்ப நடங்கம்மா."

"எருமையைக் காணோம். தேடிட்டு வந்துடறேன்."

"எதையாவது தேடுங்க. நீங்க நடந்தாச் சரி."

சடைச்சி நடந்தாள். ஏழு பேரும் பின்னாலேயே சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அவள் பாறையை மூன்று முறை சுற்றினாள், கோடும் சுற்றியது. மூச்சு வாங்க உட்கார்ந்தாள். அங்கே 'பஸ் நிறுத்தம்' என்று பலகை நட்டார்கள். எருமை தென்படுகிறதா என்று பலாமரத்தில் ஏறினாள். ஏழு பேரும் மரத்தடியில் கூடிவிட்டார்கள்.

"மரத்து மேலயும் ரோடா சார்?" என்று கேட்டார் ஓவர்சியர் ஞானமுத்து.

"ஆணையில நடக்கிறதுதான்யா இருக்கு. ஏறுறதுக்கு வேற துறை."

தாரும் ஜல்லியும் கழுதை முதுகில் மலையேறின. மூன்றே மாசம். எருமைக் கொட்டகையில் தொடங்கி, பாறையை மூன்று சுற்றுச் சுற்றி, அதே கொட்டகையில் முடிகிற அருமையான ரோடு தயார். எருமைக்குப் பரம திருப்தி.

"இது எங்கேயும் போகலையே ஐயா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் சடைச்சி.

"நீங்க போன இடமெல்லாம் போகுதேம்மா!"

ஆம்புலன்ஸ் ஓட்டி ரோட்டைத் திறக்கவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஆம்புலன்ஸோ அடிவாரத்தில் நின்றது. ஊர் ஆண்கள் இருபது பேரைப் பிடித்து, வண்டியை மூங்கிலில் கட்டித் தூக்கிவரச் சொன்னார்கள். அன்றைக்குப் பார்த்து வெள்ளிக்கு வலி எடுத்தது. தூக்க ஆண்பிள்ளை ஒருத்தன் இல்லை. நான்கு பெண்களோடு சடைச்சியே டோலி கட்டி இறங்கினாள்.

பாதி மலையில் ஆம்புலன்ஸ் எதிரே வந்தது, இருபது தோள்களில். உள்ளே டிரைவர் வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"கீழே எங்கேம்மா போறீங்க? ரோடு மேலேல்ல இருக்கு!" என்று பதறினார் வண்டியோடு நடந்துவந்த தனகோடி.

சடைச்சி வண்டியை இறக்கவைத்தாள். மகளை உள்ளே கிடத்தி, தானும் ஏறிக்கொண்டாள். "திருப்புங்கடா கீழே!" என்று ஓர் அதட்டல். தோள்கள் திரும்பின.

"இதுதான்யா எங்க தடம்! இப்பப் போடு உன் கோட்டை!" என்று ஜன்னல் வழியே கத்தினாள்.

ஞானமுத்து சுண்ணாம்பை எடுத்தார். தனகோடி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறுய்யா. அந்தம்மா நடக்கலையே, உட்கார்ந்துட்டுல்ல போகுது?"

"தூக்குற இருபது பேரும் நடக்கிறாங்களே சார்?"

தனகோடி ஆணையை இன்னொரு முறை ஊன்றிப் படித்தார். "அவங்க நடக்கலைய்யா. வேலை பார்க்கிறாங்க."

அப்போது வண்டிக்குள்ளிருந்து வீலென்று ஒரு புதுக் குரல்.

"குழந்தை பிறந்துடுச்சு சார்!"

தனகோடியின் முகம் மலர்ந்தது. "அப்பாடா! அது எப்ப நடக்க ஆரம்பிக்கும்னு கேட்டுக் குறிச்சுக்க. அன்னிக்கு வந்து கோடு போட்டுடலாம்."