திரும்பி வந்த உத்தரவு

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்திய நாச்சிமுத்து, ஆபீசிலேயே சொந்தமாக ஒரு மெயில் சர்வர் வைத்திருந்தார். எந்த மெயிலும் தம் பெயரில்தான் போகவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். பொங்கலன்று பானையோடு நிற்கும் தம் படத்தை முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு மெயிலில் அனுப்பி மகிழ்ந்தார். மறுநாளிலிருந்து வெளிநாட்டு வியாபாரிகளுக்கு ஒரு மெயிலும் போய்ச் சேரவில்லை.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ரேணுகாவை எல்லார் முன்னாலும் நிறுத்தினார்.

"எல்லாம் உன் லட்சணந்தான். இன்னியோட வேலைக்கு வராதே!"

"போகாத மெயில், காரணத்தோட உங்க பெட்டிக்கே திரும்பி வருமுங்களே முதலாளி?"

"அது பூராவும் இங்கிலீசுக் குப்பை. படிக்காமயே அழிச்சுருவேன்."

"சரிங்க, நான் போறேன். உத்தரவை மட்டும் என் சொந்த மெயிலுக்கு அனுப்பிருங்க. வந்து சேர்ந்ததும் கெளம்பிர்றேன்."

அவரே தட்டி அனுப்பினார். உடனே அவர் கம்ப்யூட்டர் மணியடித்தது.

"பாத்தயா, போயிருச்சு!"

"அதைச் சத்தமாப் படிங்க முதலாளி."

படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கியது. அந்த இங்கிலீசுக்கு அர்த்தம் இதுதான்: 'உங்கள் சர்வரிலிருந்து வேண்டாத மெயில்கள் வந்து குவிகின்றன. ஆகவே இதை ஏற்க முடியாது.'

"பொங்கப் பானைங்களா முதலாளி?" என்றார் கட்டிங் மாஸ்டர். ஆபீசே சிரித்தது.

ரேணுகா சிரிக்கவில்லை. "என்னை வெளிய அனுப்பறதுக்கே சர்வர் சரியாகோணுமுங்க. அது சரியாகறதுக்கு நான் உள்ள இருக்கோணுமுங்க."

நிமிர்ந்த தலையோடு அவள் சர்வர் அறைக்கு நடந்தாள். கதவைத் திறந்துவிட்டவர் முதலாளிதான்.