நாற்பத்தொரு ‘வேண்டும்’

பாளையங்கோட்டையில் கணினிகளைச் சீர்செய்து கொடுப்பவர் இசக்கியம்மாள். வயது இருபத்தொன்பது. அவரிடம் தொழில் கற்க வந்தவர் சூசைமாணிக்கம். வயது நாற்பத்தெட்டு. இருபது ஆண்டுகள் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்த்தவர். அவர் இசக்கியம்மாளை டீச்சர் என்று கூப்பிடுவார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார்.

பார்வையற்றோருக்கான ஒலிநூலகம் ஒன்றிலிருந்து அவர்களுக்கு அழைப்பு வந்தது. அங்கே பழைய சர்வர் நின்றுபோயிருந்தது. ஒலிப்பாடங்கள் பத்திரமாக இருந்தன. ஆனால் கேட்கும் அறையிலிருந்த கணினிகளால் அவற்றைத் திறக்க முடியவில்லை. திங்கள்கிழமை காலை பிளஸ் டூ மாணவர்கள் பாடம் கேட்க வருவார்கள். செவ்வாய்க்கிழமை அவர்களுக்குத் தேர்வு.

வாங்கிவைத்த புது சர்வரில் யூனிக்ஸ் என்ற இயங்குதளம் ஓடியது. ஃபைல்களைப் பகிரும் மென்பொருள் அதற்கு ஆயத்தமாகக் கிடைக்கவில்லை. அதை எழுதிய மூலநிரலை இணையத்திலிருந்து இறக்கி, அங்கேயே ஓடும் மென்பொருளாகத் தொகுக்க வேண்டும். தொகுப்பதற்கு முன், எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று ஒரு கட்டளையில் சொல்லிவிட வேண்டும்.

“நீங்களே செய்யுங்க, அண்ணாச்சி,” என்றார் டீச்சர். அது வியாழக்கிழமை.

சூசைமாணிக்கம் பட்டியலைப் பார்த்தார். எதை விட்டால் எது கெடுமோ என்று பயம் வந்தது. நாற்பத்தொரு வசதிகளுக்கும் ‘வேண்டும்’ என்று எழுதினார்.

ஒவ்வொரு வசதிக்கும் ஒரு துணை நிரல் தேவைப்பட்டது. ஒன்றை நிறுவினால் அது இன்னும் இரண்டைக் கேட்டது. பிரிண்டருக்கான துணை நிரலைத் தேடியே வெள்ளிக்கிழமை முழுவதும் போனது.

டீச்சர் எட்டிப் பார்த்தார். “என்ன அண்ணாச்சி, கல்யாண வீட்டு மளிகை லிஸ்ட்டா?”

“ஒண்ணு விட்டுப்போச்சுன்னா பிறகு யாரு பதில் சொல்லுறது, டீச்சர்?”

டீச்சர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை சூசைமாணிக்கம் வேறு வழியைப் பிடித்தார். ஒரு துணை நிரல் இல்லையென்றால் திரையே சொல்லும்: அதை நிறுவவும், தேவையில்லை என்றால் ‘வேண்டாம்’ என்று குறிப்பிடவும். அவர் ஒவ்வொரு தடவையும் கடைசி வரியை மட்டும் படித்தார். வேண்டாம். வேண்டாம். வேண்டாம். பத்து மணிக்குள் தொகுப்பு முடிந்தது. ஒரு பிழைகூட இல்லை.

“டீச்சர்! முடிஞ்சிட்டு!”

டீச்சர் வந்து கட்டளையைப் படித்தார். “இத்தனை ‘வேண்டாம்’ போட யாரு சொன்னது?”

“ஸ்கிரீனே சொல்லிச்சே.”

“ரெண்டு வழி சொல்லியிருக்குமே.”

“ரெண்டாவது சுளுவா இருந்துச்சு.”

டீச்சர் கட்டளையை மறுபடியும் முதலிலிருந்து படித்தார். சூசைமாணிக்கம் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

“நீங்களே சொல்லிருங்க டீச்சர். எதைப் போட, எதை விட?”

அப்போதுதான் கடையிலிருந்து டீ வந்திருந்தது. டீச்சர் மூன்று டம்ளர்களைத் தட்டில் வைத்து அவர் கையில் கொடுத்தார்.

“கேக்குற ரூமுக்குக் கொண்டு போங்க. ஒண்ணு உங்களுக்கு. டம்ளர் காலியானதும் எடுத்துட்டு வாங்க.”

“இந்த அவசரத்துலயா?”

“ஆறிரும். போங்க.”

கேட்கும் அறையில் பார்வையற்ற இரண்டு பேர் இருந்தார்கள். ஹமீது, பிரெயிலில் பாடங்களை வாசித்துப் பதிவு செய்பவர். செல்வக்கனி, அவற்றைக் கேட்டுச் சரிபார்த்துப் பெயரிட்டு வைப்பவர்.

“சர்வர் பொழைச்சிட்டா, அண்ணாச்சி?” என்றார் செல்வக்கனி.

“பாதி.” அவர் உட்கார்ந்தார். சும்மா இருக்க முடியாமல் கேட்டார். “பழைய சர்வர் நல்லா இருந்துச்சோ?”

“அதை ஏன் கேக்குறீங்க! நான் தமிழ்லதான் பேரு வைப்பேன். கம்ப்யூட்டரு அதை ‘கேள்விக்குறி கேள்விக்குறி கேள்விக்குறி’ன்னு வாசிக்கும். வரலாறும் கேள்விக்குறி, பொருளியலும் கேள்விக்குறி.”

“வாசிச்ச என் பேரும் கேள்விக்குறி,” என்றார் ஹமீது.

“அது சரியாத்தான் வாசிச்சிருக்கு.”

சூசைமாணிக்கம் சிரித்ததில் டீ சட்டையில் சிந்தியது.

“பேரு போனாப் போகுது,” என்றார் செல்வக்கனி. “போன மாசம் பாடம் கேக்க வந்த பையன் தெரியாம டெலீட்டை அமுக்கிட்டான். வரலாறு ஏழாம் பாடமே போச்சு. இவரு தொண்டை கட்டக் கட்ட மறுபடியும் வாசிச்சாரு.”

சூசைமாணிக்கத்தின் சிரிப்பு நின்றது. யார் கேட்கலாம், யார் அழிக்கலாம் என்று வகுத்துவைக்கும் வசதிக்கு, காலையில்தான் அவர் ‘வேண்டாம்’ சொல்லியிருந்தார். தமிழ் எழுத்துக்கான வசதிக்கும் அப்படித்தான்.

“பிரிண்டர்?” என்று மெல்லக் கேட்டார். “இந்த சர்வர் வழியா பிரிண்ட் எடுப்பீங்களா?”

ஹமீது டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். செல்வக்கனிக்குப் புரையேறியது.

“எடுத்து யாருகிட்ட காட்ட, அண்ணாச்சி?” என்றார் ஹமீது.

“நேத்து முழுக்க அதைத்தான் தேடுனேன்,” என்று அவர் ஒப்புக்கொண்டார். சிரிப்பு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

அவர் எழுந்து ஓடினார். டம்ளர்களை எடுக்க மறந்துவிட்டார்.

மூன்றாவது கட்டளையை நிதானமாக எழுதினார். பிரிண்டர் வேண்டாம். தமிழ் எழுத்து வேண்டும். அனுமதிப் பட்டியல் வேண்டும். அதற்கான துணை நிரல் இல்லை என்று திரை நின்றது. இந்தத் தடவை முதல் வரியையும் படித்தார். நிறுவினார். சந்தேகம் வந்தபோதெல்லாம் எழுந்துபோய்க் கேட்கும் அறையில் கேட்டுவிட்டு வந்தார்.

மூன்று மணிக்கு செல்வக்கனி தன் கணினியில் ஃபோல்டரைத் திறந்தார். அம்புக்குறியை அழுத்தினார்.

“வரலாறு. ஏழாம் பாடம். ஹமீது,” என்றது கணினி.

“ஏ, என் பேரு!” ஹமீது எழுந்தே விட்டார்.

செல்வக்கனி மாணவர்களின் கணக்கில் நுழைந்து டெலீட்டை அமுக்கினார். “அனுமதி இல்லை,” என்றது. மறுபடியும் அமுக்கினார். “அனுமதி இல்லை.” பிடித்த பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவதுபோல ஐந்து தடவை அமுக்கினார்.

சூசைமாணிக்கம் காலி டம்ளர்களோடு திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“டீச்சர், நாப்பத்தொண்ணுல ஒம்பதுதான் வேண்டியிருந்துச்சு. முதல் நாளே சொல்லியிருந்தா ரெண்டு நாள் மிச்சமாயிருக்குமே?”

டீச்சர் டம்ளர்களை வாங்கிக்கொண்டார்.

“எனக்கு எப்படித் தெரியும், அண்ணாச்சி? டீ கொண்டு போனது நீங்கல்லா?”