குட்டைக்கால் பெஞ்சும் ஓட்டுச்சில்லும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் சபையில் இருக்கும் ரோஸ்மலர் அக்கா. போன பெரிய வெள்ளிக்கிழமை, ஆராதனை முடிந்து கஞ்சி குடிக்கும்போது சொன்னார். அக்காவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. அறுபது வயது ஆனதும், ஊனத்துக்காக அரசாங்கம் கொடுத்து வந்த உதவித்தொகையை நிறுத்திவிட்டு, முதியோர் உதவி என்று அதைவிடக் குறைவாக ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார்கள். "இதைக் கதையாச் சொன்னாத்தான் எனக்கு அழுகை வராது" என்றார்.

ஒரு ஊரில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. அங்கே நிறைய பெஞ்சுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'உபயம்' என்று கொடுத்தவர் பெயரும் வருஷமும் பெயிண்டில் எழுதியிருக்கும். அதில் ஒரு பெஞ்சுக்குச் செய்தபோதே ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அடியில் ஒரு ஓட்டுச்சில்லு முட்டுக் கொடுத்திருந்தது. சில்லின் தயவில் பெஞ்சு நேராக நின்று, பந்தி நாட்களில் தண்ணீர்ப் பானையைச் சுமந்தது. சுமக்க முடியாத பெஞ்சை அங்கே வைத்திருக்க மாட்டார்கள். விறகாக்கிவிடுவார்கள்.

வெள்ளையடிக்கச் சாமான்களை வெளியே எடுத்த நாளில், மண்டபத்துக்குப் பெரியவரான இரும்பு பீரோ அந்தப் பெஞ்சின் வருஷத்தைப் படித்தது.

"அடடே, உனக்கு வயசாயிடுச்சே! இனிமே நீ கிழ பெஞ்சு வரிசை. மூட்டு ஆடாம இருக்க உனக்கு ஒரு கட்டுக் கயிறு உண்டு. வாங்கிக்கோ."

"ரொம்ப சந்தோஷம் ஐயா."

"சில்லைக் கொடுத்துடு."

"அது எதுக்குங்க?"

"ஒருத்தருக்கு ஒண்ணுதான். சில்லு, குட்டைக்கால் பெஞ்சுக்கு. நீ இப்ப கிழ பெஞ்சு."

"வயசுதான் ஏறுச்சு ஐயா. கால் வளரலையே?"

பீரோ கதவு கிறீச்சிடச் சிரித்தது. "வயசானா எல்லாப் பெஞ்சும்தான் ஆடும். இனிமே நீயும் எல்லாரோட சேர்ந்து ஆடு. சமமாயிட்டோம்னு சந்தோஷப்படுவியா, அதை விட்டுட்டு!"

கிழ பெஞ்சு ஒன்று குறுக்கே வந்தது. "ஏம்மா, எங்களுக்கு எவன் சில்லு வச்சான்? நீ மட்டும் என்ன மகாராணியா?"

"உங்க ஆட்டம் எனக்கும் வந்துடுச்சு அண்ணே. என் ஆட்டமும் என்னை விட்டுப் போகலை. ரெண்டையும் எப்படித் தாங்குவேன்?"

சில்லைப் பிடுங்கி பீரோவின் தலையில் போட்டார்கள். வேறு யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை.

அடுத்த முகூர்த்தம் வந்தது. பெஞ்சின்மேல் பானையை ஏற்றினார்கள்.

"என்ன இது, தொட்டில்ல போட்ட மாதிரி இருக்கு! நேரா நில்லும்மா" என்றது பானை.

"நிக்கிறேன் கண்ணு. நீ மட்டும் கொஞ்சம் மெதுவா மூச்சு விடு."

பீரோ மேலிருந்து சில்லு கெஞ்சியது. "ஐயா, நான் இங்க சும்மாதானே கிடக்கேன்? பந்தி முடியற வரைக்குமாவது இறங்கிப் போய்த் தாங்கிக்கிறேனே?"

"சட்டம்னு ஒண்ணு இருக்கு. பேசாம கிட."

யாரோ தண்ணீர் மொள்ள வந்து பானையைத் தொட்டார்கள். பெஞ்சு குட்டைக்கால் பக்கம் சாய்ந்தது. கயிறு மூட்டுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. காலை நீட்ட அதற்குத் தெரியாதே! பானை விழுந்து சுக்குநூறாக உடைந்தது.

"பாவம், வயசாயிடுச்சு. நான் அப்பவே சொல்லலை?" என்றது பீரோ.

சமையற்காரர் கோடாலியோடு வந்தார். கால்களை வெட்டி அடுக்கியபோது ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அட, இந்தக் கால் மட்டும் குட்டையா இருக்கே! இதை ஒருத்தர்கூடப் பார்க்கலையா?"

அடுப்புக்கு அளவாக இருந்ததால், அதை முதலில் உள்ளே வைத்தார்.

அக்கா இதோடு நிறுத்திவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவப் போனார். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. அதைச் சொல்லாமல், பின்னாலேயே போய்க் கிண்ணத்தை வாங்கி நானே கழுவினேன்.

வருகிற வியாழக்கிழமை, பழைய உதவியைத் திரும்பக் கேட்டு அக்கா மறுபடியும் அந்த உதவித்தொகை ஆபீசுக்குப் போகிறார். மாடி ஏற வேண்டும், படியில் கைப்பிடி இல்லை. நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்வேன். இன்னொரு பக்கத்துக்கு நீங்கள் யாராவது வாருங்கள்.