மஞ்சாடியும் மோட்டார் கொட்டகைக் கம்பியும்

காட்டோடைக் கரையில், ஒரு மருதமரத்தின் வேர்களுக்கு அடியில், மஞ்சாடி என்ற நீர்நாயும் அவள் கணவன் தாழையனும் வளை தோண்டிக் குடியிருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து, துணை தேடிக்கொண்டு, ஓடையோடு கீழே போய்விட்டன.

வளையில் இப்போது இடம் நிறைய இருந்தது. பேச்சுதான் குறைந்து போயிருந்தது. தாழையன் மீன் பிடித்து வந்தால், தலையைத் தான் வைத்துக்கொண்டு சதையுள்ள நடுத்துண்டை மனைவிக்குக் கொடுப்பான். சாப்பிட்டதும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். அன்பு இருந்தது. ஆனால் ஒருவரை ஒருவர் துரத்தி, நாணலில் கட்டிப் புரண்டு, மூச்சு வாங்கச் சிரித்த காலம் எங்கோ போய்விட்டது.

காடு முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் ஒரு மோட்டார் கொட்டகை இருந்தது. நண்டு தேடிப் போன மஞ்சாடியின் ஈர வால் ஒரு நாள் அங்கிருந்த இரும்புக் குழாயில் பட்டது. குழாயில் கரண்ட் லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. வாலில் ஒரு கூச்சம் கிளம்பி முதுகுத்தண்டு வழியாக ஏறியது. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. அவள் துள்ளி விலகினாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. மெல்ல வாலை நீட்டி இன்னொரு முறை தொட்டாள்.

"முகம் என்ன இப்படிப் பளபளன்னு இருக்கு? நல்ல நண்டா?" என்று அவள் வளைக்குத் திரும்பியதும் கேட்டான் தாழையன்.

"ஆமாங்க, நல்ல நண்டு" என்றாள் மஞ்சாடி. அவள் வாயில் நண்டின் வாசனைகூட இல்லை. அவன் அதைக் கவனித்தும் கேட்கவில்லை.

அதன் பிறகு அவள் அடிக்கடி அங்கே போனாள். ஆனால் ஒரு நாள் போனபோது, யாரோ வந்து குழாயைச் சரிசெய்துவிட்டுப் போயிருந்தார்கள். இரும்பு வெறும் இரும்பாகிவிட்டது. மஞ்சாடிக்கு அழுகை வந்தது. கணவனிடம் சொல்லலாம் என்று பலமுறை வாயெடுத்தாள். 'பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த வயசுல இவளுக்கு இது என்ன ஆசை' என்று அவன் நினைத்துவிட்டால்? வாயை மூடிக்கொண்டாள்.

கொட்டகைக் கூரையில் சடையன் என்ற குரங்கு வசித்தான். தெரியாது என்று ஒரு நாளும் சொல்லிப் பழகாதவன் அவன். மஞ்சாடி தயங்கித் தயங்கி அவனிடம் போனாள்.

"அண்ணே, எனக்கு முதுகு வலி. அந்தக் குழாயில வந்த மாதிரி கரண்ட் கொஞ்சம் வெச்சா நல்லா இருக்கும். நாமளே அதைச் செஞ்சுக்க முடியுமா?"

"இது ஒரு வேலையா தங்கச்சி? ரெண்டு கம்பி போதும். ஒரு முனை சுவிட்ச் பெட்டியில, மறுமுனை உன் உடம்புல. அவ்வளவுதான்."

"ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"லேசா வந்ததுக்கே அவ்வளவு சுகம்னா, நிறைய வந்தா எப்படி இருக்கும்? நீயே யோசிச்சுப் பாரு."

சடையன் பழைய கம்பிகள் இரண்டைத் தேடிக் கொடுத்தான். மஞ்சாடி அவற்றின் மேல்தோலைப் பல்லால் உரித்தாள். ஒவ்வொன்றின் ஒரு முனையில் ஈரப் பாசியை உருண்டையாகச் சுற்றினாள். யாருக்கும் தெரியாமல், ஆசை ஆசையாகச் செய்தாள்.

மறுநாள் உச்சிவெயிலில் தாழையன் மடுவுக்கு மீன் பிடிக்கப் போனான். மஞ்சாடி கொட்டகைக்கு வந்தாள். ஈர மண்ணில் படுத்து, கைக்கு ஒன்றாகப் பாசி உருண்டைகளைப் பிடித்துக்கொண்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சடையன் மறுமுனைகளைப் பெட்டியில் செருகிச் சுவிட்சைத் தட்டினான்.

வந்தது கூச்சம் இல்லை. இடி. அவள் உடம்பு வில்லாக வளைந்தது. கைகள் இறுக மூடிக்கொண்டன. விட நினைத்தாள், விட முடியவில்லை. கத்த நினைத்தாள், குரல் எழவில்லை. சடையனுக்குச் சுவிட்சை அணைக்கத் தோன்றவில்லை. மரத்தில் தாவி ஏறிக்கொண்டு கீச்சுக் கீச்சென்று அலறினான்.

அலறல் கேட்டுத் தாழையன் ஓடிவந்தான். மனைவியை வாரி எடுக்கப் பாய்ந்தவன் சட்டென்று நின்றான். முன்பொரு முறை கரண்டுக் கம்பியில் சிக்கிய கொக்கை அதன் இணை தொட்டதும், இரண்டுமே செத்து விழுந்ததை அவன் பார்த்திருந்தான். அருகில் கிடந்த காய்ந்த மூங்கில் கழியைக் கவ்வி, பெட்டியில் செருகியிருந்த கம்பிகளைத் தட்டிவிட்டான்.

மஞ்சாடி துவண்டு கிடந்தாள்.

"மூச்சு விடு மஞ்சாடி. கண்ணு, மூச்சு விடு" என்று அவள் நெஞ்சை அழுத்தி அழுத்திக் கெஞ்சினான். நெடுநேரம் கழித்து, தண்ணீரிலிருந்து மேலே வந்தவள்போல, அவள் ஒரு மூச்சை இழுத்தாள்.

அவள் உள்ளங்கைகள் வெந்து போயிருந்தன. தாழையன் மீனை மென்று ஊட்டினான். காயங்களை நக்கிக் கொடுத்தான். ஏன் செய்தாய் என்று கேட்கவே இல்லை. அவன் கேட்காதது அவளை உறுத்தியது. ஒரு மாலையில் அவளே பேசினாள்.

"முதுகு வலின்னு சடையன் அண்ணன்கிட்ட சொன்னது பொய்ங்க. சுகமா இருந்துச்சுன்னுதான் செஞ்சேன்."

தாழையன் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தான்.

"கோபமா?"

"கோபம்தான். ஒரு குரங்குகிட்ட கேக்க முடிஞ்சுது, என்கிட்ட கேக்க முடியலையே."

"நீங்க சிரிச்சுடுவீங்களோன்னு பயம். இந்த வயசுல இப்படியான்னு."

"நான் மட்டும் என்ன?" அவன் அவள் பக்கம் திரும்பினான். "உனக்கு அலுத்துப் போச்சோன்னு நினைச்சுத்தான் நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். தூங்கவா செஞ்சேன்?"

மஞ்சாடி வெந்த கையைத் தூக்கி அவன் கன்னத்தில் வைத்தாள். வலித்தது. ஆனாலும் எடுக்கவில்லை.

காயம் ஆறிய பிறகு சடையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாது தங்கச்சி. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்" என்றான். உடைந்த ரேடியோவிலிருந்து கழற்றிய சின்ன சதுர பேட்டரி ஒன்றை வைத்துவிட்டுப் போனான்.

தாழையன் அதை நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "இன்னும் ஆசை இருக்கா?" என்று கேட்டான்.

மஞ்சாடி தலை குனிந்தாள். "இருக்கு."

"அப்போ சேர்ந்தே பார்ப்போம். கொட்டகைப் பக்கமே வேண்டாம். நெஞ்சுக்குக் கிட்டேயும் வேண்டாம்."

முதலில் தன் வால்நுனியை நனைத்துப் பேட்டரியில் வைத்துப் பார்த்தான். "எறும்பு ஊருது" என்றான். பிறகு பேட்டரியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, அவள் வாலில் மெல்லத் தொட்டான்.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"இங்கேயா?"

"இன்னும் கொஞ்சம் கீழே."

"வலிச்சா உடனே சொல்லு. எடுத்துடறேன்."

"சொல்றேன். நீங்களும் கேட்டுக்கிட்டே இருங்க."

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் வெட்கம் விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் மீசைமுடிகள் அவள் முதுகில் ஊர்ந்துகொண்டிருந்தன. பேட்டரி எப்போது கை நழுவி ஓடையில் விழுந்தது என்று இருவருக்குமே தெரியாது.

ஆசைப்படுவதில் வெட்கமில்லை, அதை உயிருக்கு உயிரானவரிடம் மறைத்து, அரைகுறையாகத் தெரிந்தவன் பேச்சை நம்பித் தேடும்போதுதான் உயிருக்கே ஆபத்து வருகிறது.